விரல்நுனி, கைச்சென்சார், லேப்: செட்டிநாட்டு வீட்டில் சர்க்கரை பார்க்க எதைத் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்தில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்க, இரண்டு கட்டு வீட்டில் அப்பச்சியும் ஆத்தாளும் மட்டுமோ, அவர்களில் ஒருவர் மட்டுமோ இருப்பது வழக்கமாகிவிட்டது. அத்தகைய வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியை வாங்கி அனுப்புகிறவர் ஒருவர், அதைக் கையாள்கிறவர் இன்னொருவர், அது காட்டும் கணக்கைப் பார்த்து மருந்தை மாற்றுகிறவர் மூன்றாமவர். வாங்குகிறவர் புதிதாக வந்தது எது என்று தேடுகிறார். கையாள்கிறவர் தொந்தரவு குறைந்தது எது என்று பார்க்கிறார். மருத்துவர் கைக்குப் போய்ச் சேர்வதோ பெரும்பாலும் மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதிய நான்கைந்து எண்கள்தாம். இந்த மூவருக்கும் பொதுவான ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டே கீழ்வரும் வழிகளை ஒப்பிடுகிறேன். ஓர் எண் தெரிந்தபின் அந்த வீட்டில் உணவோ மருந்தோ நடையோ எது மாறும், மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதே அந்த அளவுகோல். எதுவும் மாறப்போவதில்லை என்றால், எத்தனை துல்லியமான எண்ணும் வீண்செலவுதான்.

இரண்டு வழிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சி நிறம் பார்க்கும் முறை முந்தைய தலைமுறைக்குப் பழக்கமானது. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும் என்பதால், ஆபத்தான தாழ்நிலையை அது எந்தக் காலத்திலும் காட்டியதில்லை. மேலும், 2020-ல் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் மலிவாகிப் பரவிய டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு இரத்தச் சர்க்கரை நன்றாக இருந்தாலும் சிறுநீர்ச் சோதனை கூடுதலாகவே காட்டும். இரண்டாவது, ஊசியே குத்தாமல் சர்க்கரை சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும். தோலைத் துளைக்காமல் தாமாகவே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வெளிநாட்டிலிருந்து பரிசாக வந்தாலும் அதை மணி பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சியிருப்பவை லேப், குளுக்கோமீட்டர், கையில் ஒட்டும் சென்சார் ஆகிய மூன்று. லேபின் வலிமை துல்லியம். கை மடிப்பில் எடுத்த இரத்தத்தை, ஒழுங்காகச் சரிபார்க்கப்படும் இயந்திரத்தில் பார்ப்பதால், மற்ற இரண்டையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அதுவே நிற்கிறது. அதன் குறை, லேபுக்குப் போகும் நாள் மற்ற நாள்களைப் போல இருப்பதில்லை என்பது. முந்தின இரவு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர்கள், காலையில் வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வந்து ஒன்பது மணி வரை காத்திருக்கிறார்கள். கிளிமிபிரைடு மாத்திரையை வீட்டிலேயே போட்டுவிட்டு உணவில்லாமல் காத்திருப்பது தாழ்சர்க்கரையை வரவழைக்கும். அதற்குப் பயந்து அன்றைய மாத்திரையையே விட்டுவிட்டால், சாப்பிட்ட பின் எடுக்கும் அளவு மருந்தின் பலனைச் சொல்லாது. முதல் இரத்தம் கொடுத்த பின், வழக்கமான மாத்திரையோடு வழக்கமான காலை உணவைச் சாப்பிட்டு, சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கணக்கிடுவதே முறை.

லேப் தரும் மிகப் பயனுள்ள எண் எச்பிஏ1சி. பேச்சில் மூன்று மாதச் சராசரி என்கிறோம். இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துக் கடந்த இரண்டு, மூன்று மாத நிலையைச் சொல்வதால், முந்தின இரவு மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. 7 சதவீதம் என்றால் சராசரி ஏறத்தாழ 154 மில்லிகிராம்; 8 என்றால் 183; 9 என்றால் 212. பலருக்கு 7-க்குக் கீழ் என்பது இலக்கு. வயது முதிர்ந்து வேறு நோய்களும் உள்ளவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தாலே போதும் என்று மருத்துவர்கள் தளர்த்துவது உண்டு. ஆனால் சராசரி என்பதால் ஏற்ற இறக்கத்தை அது மறைத்துவிடும்: நாள் முழுதும் 110-க்கும் 190-க்கும் இடையில் இருப்பவரும், 50-க்கு இறங்கி 300-க்கு ஏறுபவரும் ஒரே எண்ணைப் பெறலாம். இரும்புச் சத்துக் குறைந்த இரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும், சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. ஆகவே வீட்டில் பார்ப்பது லேபுக்கு மாற்று அல்ல. லேப் சொல்ல முடியாத ஏற்ற இறக்கத்தைச் சொல்வதற்காகவே வீட்டுக் கருவி வேண்டியிருக்கிறது.

குளுக்கோமீட்டர் ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. உண்மையான செலவு, இரத்தத் துளியை ஏற்கும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பில்தான், ஒன்று ஏறத்தாழ 15 முதல் 30 ரூபாய். வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காமல், அதன் ஸ்ட்ரிப் உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் இருக்குமா என்று கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து மீட்டர் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் எழுதுகிறார்கள். அங்கு வாங்கிய மீட்டர் 7.8 என்று காட்டினால் நம் கணக்கில் அது 140. பதினெட்டால் பெருக்கினால் வந்துவிடும். ஆனால் அந்த 7.8-ஐ மூன்று மாதச் சராசரி என்று நினைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், 3.4 என்று காட்டும்போது அது 61, உடனே சர்க்கரை கொடுக்க வேண்டிய நிலை என்பது வீட்டில் யாருக்கும் விளங்காமல் போவது. பெற்றோருக்கு மீட்டர் தரவேண்டும் என்றால் காரைக்குடிக் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். அந்தப் பணத்தை அனுப்பினாலே போதும்.

மீட்டரின் துல்லியத்துக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரம் உண்டு. அதன் 2013-ஆம் ஆண்டு வடிவப்படி, அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழ் என்றால் 15 மில்லிகிராமுக்குள். லேபில் 200 இருக்கும்போது மீட்டர் 175 காட்டினாலும் 225 காட்டினாலும் அது பழுதல்ல. எனவே நேற்று 182, இன்று 195 என்பதற்காக யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம், பாகற்காய்ச் சாறு குடிக்கவும் வேண்டாம். மீட்டரைச் சரிபார்க்க நினைத்தால், லேபில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பின் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் அப்போது ஒப்பிடுவது சரிப்படாது.

மீட்டரைவிடப் பார்க்கும் விதம்தான் அதிகம் பிழை செய்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலிலோ அதிரசத்தைப் பிட்ட விரலிலோ மிஞ்சியிருக்கும் துளி இனிப்பு, 130-ஐ 250 ஆகக் காட்டப் போதுமானது. கையைச் சிறிது நேரம் கீழே தொங்கவிட்டு, விரல்நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலியும் குறையும், இரத்தமும் தானாக வரும். வராவிட்டால் குத்தும் பேனாவில் ஆழத்தை ஒரு எண் கூட்டிக்கொள்ளலாம். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். காலமெல்லாம் அடுப்படியில் நின்ற ஆச்சிமார் விரல்நுனி காய்த்துப்போயிருக்கும். அவர்களுக்கு இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஏற்றவை. கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை இருந்தால் ஆளுக்கொரு குத்தும் பேனா வேண்டும்; ஊசியை மட்டும் மாற்றிவிட்டு ஒரே பேனாவைப் பகிர்ந்தாலும் மஞ்சள்காமாலைக் கிருமி தொற்ற வழி உண்டு.

ஸ்ட்ரிப்பை வைக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரி வரைதான் தாங்கும் சூடு. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் வளவு முற்றத்தை ஒட்டிய ஜன்னல் திட்டு அதைத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்துத் திறக்கும்போது ஈரம் படிந்து ஸ்ட்ரிப் கெடும். தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள உள்ளறையில், மூடி இறுக்கிய அதே புட்டியில், அலமாரியில் வைப்பதே போதுமானது. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் நிறுவனத்துக்கு ஏற்ப மூன்று அல்லது ஆறு மாதத்தில் திறந்த ஸ்ட்ரிப் காலாவதியாகும். எப்போதாவது பார்க்கிறவர் ஐம்பது உள்ள புட்டியை மலிவென்று வாங்குவதைவிட இருபத்தைந்து வாங்குவது இலாபம்.

எத்தனை முறை பார்ப்பது? இன்சுலின் போடாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 450 பேரை வைத்து அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆண்டு நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தினமும் ஒருமுறை விரலில் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் எச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீட்டரே வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரமாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதி மூடிவைத்தால் எதுவும் மாறாது என்பதைத்தான் அது காட்டுகிறது. அதே ஸ்ட்ரிப்பை இரட்டையாக, அதாவது ஓர் உணவுக்கு முன்னும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும், பயன்படுத்தினால் உணவைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கும். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறோம். அந்தக் கறுப்பரிசியின் தவிட்டில் நார்ச்சத்து உண்டு என்பது சரிதான், ஆனால் நம் வீட்டில் அது இலைக்கு வருவது சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துத்தான். ஒருநாள் காலையில் அதைச் சாப்பிட்டு முன்னும் பின்னும் பார்த்து, மற்றொரு நாள் வழக்கமான இட்லிக்கும் அவ்வாறே பார்த்தால், நான்கு ஸ்ட்ரிப்பில் வீட்டுக்குள் நடக்கும் வாதம் முடிந்துவிடும். பொதுவான இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130; உண்ட இரண்டு மணியில் 180-க்குக் கீழ். மாதத்தில் ஒரு வாரம், நாளுக்கொரு வேளை உணவை மாற்றி மாற்றி இரட்டையாகப் பார்ப்பது பதினான்கு ஸ்ட்ரிப். மாதம் முப்பது காலை எண்களைவிட இதில் மருத்துவருக்குக் கூடுதல் செய்தி இருக்கிறது.

இரட்டைச் சோதனைக்குப் பிடிபடாத ஓர் இடம் எண்ணெய்ப் பலகாரம். வெள்ளைப் பணியாரம் நாக்குக்கு இனிக்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதவர் பலர். பச்சரிசி மாவை எண்ணெயில் பொரிக்கும் பண்டம் அது. கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதால், சர்க்கரை இரண்டு மணிக்குச் சாதுவாக இருந்து, மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின் ஏறி நிற்கக்கூடும். கல்யாண வீட்டில் சாயங்காலப் பலகாரமும் இரவு விருந்தும் அடுத்தடுத்து வரும்போது விரல்நுனிக் கணக்கு ஒன்றும் சொல்லாது. சென்சார் தன் மதிப்பைக் காட்டுவது இத்தகைய இடங்களில்.

மேற்கையின் பின்புறம் ஒட்டும் சென்சாரில் முடிபோல் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருந்து, இரத்தத்தை அல்லாமல் திசுநீரிலுள்ள சர்க்கரையை அளக்கிறது. நம் நாட்டில் பரவலாகத் தெரிந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே ஒருமுறை ஒட்டினால் 14 நாள் வேலை செய்யும், பிறகு புதிதுதான். ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய், தொடர்ந்து போட்டால் மாதத்துக்கு இரண்டு தேவை. அது தருவது தனி எண்களை அல்ல, இரவு பகலாக ஓடும் ஒரு கோடு. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியும் உடன் வரும். நடுநிசி இரண்டு மணிக்கு 58-க்கு இறங்கி, விடியலில் 160 காட்டும் சர்க்கரையை வேறு எந்தக் கருவியும் கண்டுபிடிப்பது கடினம். காலை அளவு கூடுதல் என்று இரவு இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகும் தவறு அந்தக் கோட்டைப் பார்த்தால் நின்றுவிடும்.

ஆனால் அதற்கும் பழக்கவழக்கம் உண்டு. இரத்தத்தில் நடப்பது திசுநீருக்கு வரச் சில நிமிடங்கள் முதல் கால்மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே வியர்த்துக் கை நடுங்கும்போது சென்சார் 85 என்றாலும் விரலில் குத்திப் பார்த்தாக வேண்டும். ஒட்டிய முதல் நாள் எண்களை முழுதாக நம்பக்கூடாது. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டி அலறும். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நீளும் நம் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சென்சாரிலிருந்து செல்பேசிக்கு வரும் சமிக்ஞை தடையில்லாத இடத்திலேயே இருபது, முப்பது அடிதான் செல்லும். போனைப் பட்டாலையில் வைத்துவிட்டு ஆத்தா அடுப்படியில் இருந்தால் அலாரம் யாருக்கும் கேட்காது, சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கும் தகவல் போகாது. ஸ்கேன் செய்யும் வகை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கருவியைக் காட்டாவிட்டால் இடைப்பட்ட கணக்கு அழிந்துவிடும்.

தொலைவிலிருந்து பார்க்கும் வசதியைப் பற்றி எனக்கு இருமனம் உண்டு. தனியாக இருக்கும் பெற்றோரின் தாழ்சர்க்கரை அலாரம் பிள்ளைகளுக்குப் போவது உயிர் காக்கும். ஆனால் 210 என்று திரையில் தெரிந்தவுடன் "அப்பச்சி, இப்ப என்ன சாப்பிட்டிய?" என்று போன் வரத் தொடங்கினால், இரண்டாம் வாரம் போன் எங்கோ சார்ஜ் இல்லாமல் கிடக்கும். வயதானவர்களுக்கான சர்வதேச நெறிமுறை (2019) அவ்வளவு கடுமையானதும் அல்ல: நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் போதும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே அது. தாழ்வுக்கு மட்டும் அலாரம் வைத்து, உயர்வுக்கான அலாரத்தை அணைத்துவைப்பது, வயதான பெற்றோர் விஷயத்தில் என் பரிந்துரை.

இனித் தேர்வு. மெட்ஃபார்மின் மட்டுமோ, தாழ்சர்க்கரையை எளிதில் உண்டாக்காத வேறு மாத்திரைகளோடு சேர்த்தோ சாப்பிட்டு, எச்பிஏ1சி இலக்கில் இருப்பவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேப் போதும். மீட்டர் இருந்தால் மேலே சொன்ன இரட்டைச் சோதனைக்கு உதவும், தினமும் வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பிடுகிறவருக்கு மீட்டர் கட்டாயம்; அவர் தனியாக வாழ்ந்து எழுபதைத் தாண்டியிருந்தால், ஆண்டில் ஓரிரு முறை 14 நாள் சென்சார் போட்டு இரவுகளைப் பார்த்துவிடுவது செலவுக்குத் தகுந்தது. நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடுகிறவருக்கும், முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கும், தாழ்சர்க்கரை வருவதே உடலில் தெரியாமல் போனவருக்கும், பணம் அனுமதித்தால் தொடர்ந்து சென்சார்தான். அனுமதிக்காவிட்டால் ஒவ்வொரு வேளைக்கு முன்னும் படுக்கும் முன்னும் மீட்டர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் கணக்கே வேறு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், உண்ட ஒரு மணியில் 140-க்குக் கீழ் அல்லது இரண்டு மணியில் 120-க்குக் கீழ். தாய்வீட்டு உபசாரத்துக்கு நடுவே இதைக் காப்பாற்ற, நாளுக்கு நான்கு முறை மீட்டரில் பார்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை. செலவு தாங்காதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைத் தனியே சொல்ல வேண்டும். பல நாள் நடையில் தசைகள் சர்க்கரையை உறிஞ்சுவது அன்றிரவும் நீடிப்பதால், வழக்கமான மாத்திரை அளவே கூடுதலாகிவிடும். புறப்படுமுன் மருத்துவரிடம் அளவைக் குறைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வியர்வையில் சென்சார் ஒட்டு கழன்றுவிடலாம் என்பதால் மீட்டரும் பையில் இருப்பது நலம். விடியற்காலை நடையைத் தொடங்குமுன் 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே நடக்க வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் நின்று, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் கடலை மிட்டாயும் உடனே உதவாது, ஏனெனில் அவை குடலில் உடைவதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை, குளுக்கோஸ்தான் வேண்டும்.

எந்தத் தேர்வும் ஆயுளுக்கும் நிலையானதல்ல. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தால் இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலில் நீண்ட நேரம் தங்கித் தாழ்வை உண்டாக்கும். அந்தக் குறைவைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியதாக லேப் சொன்ன மாதத்திலேயே, லேபோடு நிறுத்தியிருந்தவர் மீட்டருக்கும், மீட்டரோடு இருந்தவர் சில வாரமாவது சென்சாருக்கும் மாறுவது தகும். பார்வை மங்கி ஸ்ட்ரிப்பின் வாயில் இரத்தத் துளியைச் சேர்க்க முடியாதவருக்கும் அதே மாற்றம் பொருந்தும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ காலையில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தால், வெறும் வயிற்று அளவு நன்றாகவே இருந்து பிற்பகலிலும் மாலையிலும் மட்டும் சர்க்கரை உயரும். அந்த மருந்து முடியும் வரை காலைச் சோதனையை விட்டுவிட்டு, மாலை நான்கு மணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்த்து எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.